பாதாளத்தில் ஒரு ரயில் ஸ்டேஷன்

(மேகமலை அடிவாரத்தில் தோட்டத் தொழிலாளரும் ஊராரும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சென்னைப் பட்டணத்தில் பூமிக்கடியில் கட்டப்பட்டிருக்கும் ரயில் ஸ்டேஷனைப் பற்றியதாகும். மேகமலையில் கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கும், கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் வைக்கிறவர்களுக்கும் பட்டணத்து ஸ்டேஷனைப் பற்றி என்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். கவலைப்பட வேண்டிய காரியம் அதில் இருக்கிறபடியால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

நமது பக்கத்து ரயிலின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் வந்த பாதை, யுத்த காலத்தில் ஒரு முறை பெயர்த்தெடுக்கப்பட்டு, பிறகு திரும்பவும் போடப்பட்டு, அகலப் பாதையாக்கப் போகிறோம் என்று சொல்லி 2010 கடைசியில் மறுபடியும் மூடப்பட்டது. 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூன் 15-ல் போடி வரையிலும் ரயில் வந்து சேர்ந்தது. அன்றைக்கே போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேராக ஒரு வண்டியும் விடப்பட்டது. அந்த வண்டியில் ஏறிப் போகிறவர் சென்ட்ரலில் இறங்கினால் அவருடைய காலுக்குக் கீழேயே நாம் சொல்லும் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கும் நம் ஜனங்களில் பலர் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் அல்ல. எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். ஆகவே இந்த ஸ்டேஷன் நமக்குச் சம்பந்தமில்லாத பணக்காரர் விவகாரமென்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் அது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம். சென்னை மெட்ரோ ரயில் முதன்முதலில் 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மேம்பாலத்தின் மேல் ஓடிற்று. அன்று முதல் வண்டியை ஓட்டியவர் ஒரு பெண். பெண்புத்தி பின்புத்தி என்று பழமொழி சொல்லித் திரியும் நாட்டில் அந்த வண்டி முன்னால்தான் போயிற்று, பின்னால் போகவில்லை. பூமிக்கடியில் முதல் பாதை 2017 மே 14-ல் திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை ஏழு ஸ்டேஷன்களோடு திறக்கப்பட்டது. 2018 மே 25-ல் அது சென்ட்ரலுக்கு வந்தது. 2019 பிப்ரவரி 10-ல் அண்ணா சாலையின் கீழ்ப் பாதையும் முடிந்து, முதல் திட்டத்தின் 45 கிலோமீட்டரும் ஒன்று சேர்ந்தது. சென்ட்ரல் நிலத்தடி ஸ்டேஷன் தரைக்குக் கீழே சுமார் 28 மீட்டர் இறங்குகிறது. ஒன்பது மாடி வீட்டைத் தலைகீழாகப் புதைத்தால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு. இரண்டு ரயில் பாதைகள் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகப் போகின்றன. மேலே பஸ்ஸும் காரும் மனிதரும் போகிறார்கள். அதற்குக் கீழே டிக்கட் கொடுக்கும் தளம். அதற்கும் கீழே ஒரு ரயில். அதற்கும் கீழே இன்னொரு ரயில்.

பூமிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நமக்கு யார் சொல்லி வைத்தார்கள்? அதலம், விதலம், சுதலம் என்று தொடங்கிப் பாதாளம் வரை ஏழு லோகங்கள் உண்டு என்றும், நாகர்களும் அசுரர்களும் அங்கே குடியிருக்கிறார்கள் என்றும், ஆதிசேஷன் பூமியைத் தலையில் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்றும் புராணக்காரர் சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்றால் இல்லை. போய்ப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். கோலார் தங்க வயலில் நம் தமிழர்கள், பெரும்பாலும் வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தாழ்த்தப்பட்ட மக்கள், மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் இறங்கி, 2001-ல் சுரங்கம் மூடப்படும் வரை பாறை உடைத்தார்கள். ருஷ்யர்கள் கோலா என்ற இடத்தில் 12 கிலோமீட்டருக்கும் அதிகமாகத் துளை போட்டார்கள். கீழே போகப் போகச் சூடு அதிகரித்ததே தவிர ஆதிசேஷனுடைய வாலைக்கூட ஒருவரும் காணவில்லை.

சரி, பூமிக்கடியில் வழி போட மனிதனுக்கு யார் கற்றுக் கொடுத்தது? லண்டனில் தேம்ஸ் நதிக்குக் கீழே வழி போட 1825-ல் தொடங்கினார் மார்க் புரூனெல் என்பவர். கப்பல் பலகையைத் துளைக்கும் ஒரு புழு, தன் தலையிலுள்ள ஓட்டினால் மரத்தை அரைத்துக்கொண்டு முன்னால் போவதையும், பின்னால் தன் துளையின் சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டு போவதையும் அவர் கவனித்தார். அதைப் பார்த்து, முன்னால் வெட்டிக்கொண்டே பின்னால் செங்கல் சுவர் கட்டிக்கொண்டு போகும் ஓர் இரும்புக் கூட்டைச் செய்தார். அந்த வழி 1843-ல் திறக்கப்பட்டது. ஆக, குரு ஒரு புழு! அந்தப் புழுவுக்கு யாரும் பாத பூஜை செய்யவில்லை. அதனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அதே லண்டனில் உலகத்திலேயே முதலாவதாக 1863 ஜனவரி 10-ல் பூமிக்கடியில் ரயில் ஓடிற்று. அது நீராவி வண்டி. சுரங்கம் முழுவதும் புகை. ஜனங்கள் இருமிக்கொண்டே பிரயாணம் செய்தார்கள். 1890-ல் மின்சார வண்டி வந்தபிறகுதான் அந்தத் தொல்லை ஒழிய வழி பிறந்தது. நம் தேசத்தில் கல்கத்தாவில் 1984 அக்டோபர் 24-ல் முதல் நிலத்தடி ரயில் ஓடிற்று. 2024 மார்ச்சில் அதே ஊரில் ஹூக்ளி நதிக்கு அடியிலும் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த நதியில் முழுக்குப் போட்டால் பாவம் போகும் என்று மேலே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஒரு துணிகூட நனையாமல் அக்கரைக்குப் போகிறார்கள்.

நிற்க, சென்னையில் எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் உங்களில் கிணறு வெட்டினவர்கள் இருக்கிறீர்கள். மணற்பாங்கான இடத்தில் கிணறு வெட்டினால் பக்கம் சரியும், ஊற்றுத் தண்ணீர் உள்ளே வரும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னை பூமி அப்படிப்பட்டது. ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் களி, ஓரிடத்தில் பாறை, எங்கும் தண்ணீர். அதில் 28 மீட்டர் பள்ளம் வெறுமனே தோண்டினால் அக்கம்பக்கத்துக் கட்டடமெல்லாம் உள்ளே வந்துவிடும். ஆகவே முதலில் பள்ளம் தோண்டவில்லை. சுவரைத்தான் முதலில் கட்டினார்கள். ஸ்டேஷன் வரப்போகும் இடத்தைச் சுற்றிலும் ஒடுக்கமான ஆழமான வாய்க்காலாக மண்ணை எடுக்கிறார்கள். எடுக்க எடுக்க அதில் பென்டோனைட் என்னும் களிக் குழம்பை ஊற்றி நிரப்பிக்கொண்டே போகிறார்கள். அந்தக் குழம்பின் பாரம் இரண்டு பக்க மண்ணையும் சரியவிடாமல் தாங்குகிறது. பிறகு கம்பிக் கூட்டை அதற்குள் இறக்கி, குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்புகிறார்கள். கான்கிரீட் கனமாகையால் கீழே தங்குகிறது, குழம்பு மேலே வந்துவிடுகிறது. இப்படித் துண்டு துண்டாகச் சுற்றிலும் சுவர் எழும்பிய பிறகுதான் நடுவிலுள்ள மண்ணை அள்ளுகிறார்கள். சில இடத்தில் கூரையை முதலில் போட்டு, மேலே ரோட்டைத் திறந்துவிட்டு, கூரைக்குக் கீழே தோண்டிக்கொண்டு போவதும் உண்டு. நாம் வீடு கட்டினால் அஸ்திவாரம் முதல், கூரை கடைசி. இவர்கள் கூரை முதல், தரை கடைசி!

ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையிலுள்ள வழியைப் பெரிய துளை இயந்திரம் குடைகிறது. அதைத் துண்டு துண்டாகக் குழிக்குள் இறக்கிப் பூட்டுகிறார்கள். முன்னால் பற்கள் வைத்த வட்டத் தலை சுழன்று மண்ணைச் சுரண்டுகிறது. சுரண்டிய மண் பின்னால் வெளியேறுகிறது. எவ்வளவு மண் போகிறதோ அதற்குத் தக்க அழுத்தத்தை முன்பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் மேலே இருக்கிற மண் உள்ளே இறங்கிவிடும். பின்பக்கத்தில் கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டுகிறார்கள். நம் ஊர் உறைகிணற்றைப் படுக்க வைத்தது போலத்தான். அந்த வளையத்தையே உதைத்துக்கொண்டு இயந்திரம் முன்னால் நகருகிறது. முடிந்த வழியின் உள்விட்டம் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியே குடைந்துகொண்டு கூவத்துக்குக் கீழேயும் போய்விட்டார்கள். இரண்டாவது திட்டத்தில் 2022 அக்டோபரில் மாதவரத்தில் இறக்கிய துளை இயந்திரத்துக்கு நீலகிரி என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்றுக்கு ஆனைமலை. சாமி பெயர் வைக்காமல் மலைப் பெயர் வைத்தது மலைக்காரர்களாகிய உங்களுக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

இயந்திரத்தை இறக்கும்போது தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் வைப்பது நம் நாட்டு வழக்கமாக இருக்கிறது. வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எலுமிச்சம்பழம் மண்ணைத் தாங்குமானால் பென்டோனைட் எதற்கு என்று மட்டும் கேட்கிறோம். 2017 ஏப்ரல் 9-ல் அண்ணா சாலையில் திடீரென்று ரோடு உள்வாங்கி, ஒரு பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. நல்ல வேளையாக ஜனங்கள் உயிர் தப்பினார்கள். பழைய காலமாயிருந்தால் பூமாதேவி வாய் பிளந்தாள் என்று பரிகாரம் செய்யச் சொல்லியிருப்பார்கள். காரணமோ, கீழே துளை போட்ட இடத்தில் மண் இளகி இறங்கியதுதான். காரணம் தெரிந்தபடியால் பள்ளத்தைக் கான்கிரீட்டால் நிரப்பி ரோட்டைத் திறக்கவும், மேற்கொண்டு ஜாக்கிரதையாயிருக்கவும் முடிந்தது. பரிகாரம் செய்து உட்கார்ந்திருந்தால் அடுத்த பஸ்ஸும் உள்ளே போயிருக்கும்.

இவையெல்லாம் நமக்குப் புதியவை அல்ல. இந்தப் பள்ளத்தாக்கே ஒரு சுரங்கத்தினால் பிழைக்கிற பள்ளத்தாக்கு. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை போட்டு நிறுத்தி, மலையை ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளம் குடைந்து, 1895-ல் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். மலை தெய்வம், அதைத் தொடக்கூடாது என்று அன்று விட்டிருந்தால் கம்பத்திலும் கூடலூரிலும் இன்று இரண்டு போகம் ஏது? அந்தச் சுரங்கத்தைப் பிறகு அகலப்படுத்தி, லோயர் கேம்பில் மின்சாரமும் எடுத்தார்கள். மேகமலையில் தேங்கும் இரவங்கலாற்றுத் தண்ணீர் குழாயில் மலை இறங்கிச் சுருளியாறு மின் நிலையத்தைச் சுற்றுவதை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள். பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறீர்கள். வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அணையிலும் சுரங்கத்திலும் வேலை செய்து காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கில் செத்த கூலிகளின் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா? சென்னை ஸ்டேஷனும் அப்படித்தான். பீகார், ஜார்க்கண்ட், ஒரிசா, வங்காளம் என்று எங்கெங்கிருந்தோ வந்து தகரக் கொட்டகையில் படுத்து எழுந்தவர்களும் சேர்ந்து கட்டியது. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் வெட்டினார்கள், சரி, யார் பெயரை?

இனி ஸ்டேஷனுக்குள் போவோம். பத்து ரூபாயிலிருந்து டிக்கட். டிக்கட்டைக் காட்டினால் தடுப்புக் கதவு திறக்கிறது. யார் என்ன ஜாதி, எந்தத் தெரு என்று அந்தக் கதவு கேட்பதில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்ற பிறகே அதன் கதவு திறக்கும். தவறி விழுகிறதற்கு வழியில்லை, குளிர்ந்த காற்றும் வீணாவதில்லை. நடக்க முடியாதவர்களுக்கு லிப்ட், கண் தெரியாதவர்கள் காலால் தடவி வழி அறியத் தரையில் வரிகள். நெரிசல் நேரத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி நின்றதினால் யாருக்கும் ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை.

இது தானாக வந்த சங்கதியென்று எண்ணிவிடாதீர்கள். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்ட பிறகும், வண்டி ஒன்றாயிற்றே தவிர ஸ்டேஷன் ஒன்றாகவில்லை. ஸ்டேஷன் உணவுச்சாலையில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று திரை போட்டு வைத்திருந்தார்கள். கிளர்ச்சி செய்த பிறகுதான் 1941-ல் அந்தப் பிரிவினை எடுபட்டது. ஏறத்தாழ 85 வருஷம்! தண்டவாளம் போட இரண்டு மூன்று வருஷம் போதும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட 85 வருஷம் ஆயிற்று.

தோழர்களே, இவ்வளவு தூரம் நாம் அந்த ஸ்டேஷனைப் புகழ்ந்து வந்ததற்குக் காரணம் உண்டு. இப்போது ஒரு கேள்வி கேட்கப் போகிறோம். இதே பட்டணத்தில் பூமிக்கடியில் இன்னொரு வழியும் ஓடுகிறது. அது சாக்கடை. ரயில் வழியைக் குடைய நூற்றுக்கணக்கான டன் கனமுள்ள இயந்திரம் இறங்கிற்று. அதற்குள் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல காற்றைக் குழாயில் அனுப்பினார்கள். விஷ வாயு தலை காட்டினால் மணி அடிக்கக் கருவி வைத்தார்கள். தலைக்கு இரும்புத் தொப்பி, உள்ளே போகிறவர் வெளியே வருகிறவர் எல்லோருக்கும் கணக்கு. ஆனால் சாக்கடை அடைத்துக்கொண்டால் என்ன இறங்குகிறது? இடுப்பில் கயிறு கட்டிய மனிதன் இறங்குகிறான். சில சமயம் கயிறுகூட இல்லை. ஆறு மீட்டர் ஆழம் இருக்காது. ஒருவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கியவனும் விழ, இரண்டு பிணமாக மேலே வருகிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1993-ல் ஒன்று, 2013-ல் இன்னொன்று. சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் இப்படிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் முப்பது லட்சம் என்று உயர்த்திற்று. செத்த பிறகு என்ன விலை என்பது உயருகிறதே தவிர இறங்குகிறது நிற்கவில்லை. 1993-லிருந்து எடுத்த கணக்கில் இப்படிச் செத்தவர் தொகையில் மற்ற மாகாணங்களைவிடத் தமிழ்நாடு முன்னால் நின்றது என்று பார்லிமெண்டில் சர்க்காரே சொல்லியிருக்கிறார்கள். இதற்கு இயந்திரம் கிடையாதா? உறிஞ்சுகிற லாரி இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் செய்த பாண்டிகூட் என்ற இயந்திரம் 2018-லேயே திருவனந்தபுரத்துச் சாக்கடையில் இறங்கி மலத்தை அள்ளிக் காட்டிவிட்டது. நதிக்கடியில் ரயில் விட்ட அறிவுக்கு ஒரு குழியில் கரண்டி விடத் தெரியாதா?

தெரியும். பணமும் இல்லாமலில்லை. பின் ஏன் நடக்கவில்லை என்றால், ரயில் சுரங்கத்தில் ஓர் ஆள் செத்தால் வேலை நிற்கும், விசாரணை வரும், கண்டிராக்டருக்கு நஷ்டம். சாக்கடையில் சாகிறவன் இன்ன ஜாதியில்தான் பிறந்திருப்பான் என்று பட்டணம் நிச்சயமாக நம்புகிறது. அவன் இறங்குவது அவனுடைய விதி என்று நம்புகிறது. விதி என்று வந்துவிட்டால் இயந்திரத்துக்கு எவன் பணம் ஒதுக்குவான்? ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுதி வைத்தவன் செத்துப் போனான். அவன் எழுதியது இன்னும் பட்டணத்து பட்ஜெட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொன்னவுடன், அப்படியானால் மெட்ரோ ரயில் வேண்டாம் என்கிறீர்களா, அந்தப் பணத்தைச் சாக்கடைக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று ஒரு கூட்டம் கேட்கும். நாம் அப்படிச் சொல்லவில்லை. ஸ்டேஷன் வேண்டும், இன்னும் பல ஊர்களுக்கு வேண்டும். கட்டணமும் குறைய வேண்டும். 2021 பிப்ரவரியில் எழுபது ரூபாயாயிருந்த உச்சக் கட்டணத்தை ஐம்பதாக்கினார்கள். குறைக்கக்கூடியதுதான் என்பது அதிலேயே தெரிந்து போயிற்று. நாம் சொல்வது, ரயில் குழிக்குள் மனிதன் இறங்குமுன் என்னென்ன பார்க்கிறார்களோ அதையெல்லாம் சாக்கடைக் குழிக்கும் பார்க்க வேண்டும் என்பதுதான். இரண்டும் ஒரே மண், ஒரே ஊர், ஒரே வரிப்பணம். இது பட்டணத்துக்கு மட்டும் உரியதென்றும் எண்ணாதீர்கள். கம்பத்திலும் சின்னமனூரிலும் தேனியிலும் நகராட்சி இருக்கிறது. உறிஞ்சும் வண்டி எத்தனை வைத்திருக்கிறீர்கள், சென்ற வருஷம் யாரையாவது குழியில் இறக்கினீர்களா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கக்கூஸ் தொட்டி நிரம்பினால், நானே இறங்கி அள்ளுகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் இறங்க விடாதீர்கள். கொஞ்சம் கூலி மிச்சம் என்று பார்த்து ஒரு பிணத்துக்குக் காரணமாக வேண்டாம்.

கடைசியாக, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ட்ரலில் இறங்கியதும் வெளியே ஆட்டோக்காரர் கேட்கும் கூலியைக் கொடுத்துவிட்டு, எதிரே தெரியும் கட்டடத்துக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. நிலத்தடி நடைபாதையிலேயே ரோட்டைக் கடந்து ஆஸ்பத்திரிப் பக்கம் ஏறிவிடலாம். பலகை தமிழில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் அங்கே நிற்கும் சிப்பந்திகளைக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. நகரும் படிக்கட்டில் ஏறப் பயமாயிருந்தால் லிப்டில் போகலாம். போகிறபோது அந்தத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவருக்குக் கூலி எவ்வளவு, அவர் கண்டிராக்ட் ஆளா, நிரந்தர ஆளா என்று விசாரித்துக்கொண்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேள்வி கேட்கலாம். மற்றவர்கள் பிறகு கேட்கலாம்.